ஒயரா, வைஃபையா? குவெஸ்ட்டில் பிசி விஆர் கேம்கள்

போன எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வியத்தான் அனுப்பியிருந்தீங்க: "குவெஸ்ட் வாங்கிட்டேன், பிசி கேம் ஆட கேபிளும் வாங்கணுமா, வைஃபை போதுமா?"

கேபிள் போட்டா படம் அப்படியே கலப்படமில்லாம வரும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. வால்வ் இண்டெக்ஸ் மாதிரி ஹெட்செட்டுக்கு அது சரி. அதுல டிஸ்ப்ளேபோர்ட் வழியா படம் நேரா போகுது. குவெஸ்ட்ல அந்த வசதியே கிடையாது. யூஎஸ்பி செருகினாலும், பிசி படத்த வீடியோவா சுருக்கித்தான் அனுப்பும். ஹெட்செட் அத விரிச்சுக் காட்டும். வைஃபையிலயும் இதே வேலதான் நடக்குது.

அப்போ வித்தியாசம் எங்க? குழாய் எவ்வளவு சீரா ஓடுதுங்கிறதுல. 90 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃபிரேமுக்கு சுமார் 11 மில்லிசெகண்ட்தான் நேரம். பக்கத்து வீட்டு ரவுட்டர் குறுக்கிட்டு ரெண்டு ஃபிரேம் தாமதமானாலும் கண்ணுக்குத் தெரிஞ்சிடும், சிலருக்கு தலை சுத்தும். தலைய திருப்பும்போது ஹெட்செட்டே கடைசிப் படத்த நகர்த்தி சமாளிச்சுக்கும். கைக்கு அப்படி முழுசா சமாளிக்க முடியாது. அதனால பீட் சேபர் ஆடுறவங்கதான் தாமதத்த முதல்ல கண்டுபிடிப்பாங்க.

வைஃபைல ஆடறவங்க செய்ற பெரிய தப்பு, பிசியையும் வைஃபைலயே வெச்சிருக்கறது. அப்போ ஒவ்வொரு ஃபிரேமும் காத்துல ரெண்டு தடவ போகணும். பிசிய ஈதர்நெட் ஒயர்ல ரவுட்டரோட இணைங்க. ஹெட்செட் மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கட்டும், ரவுட்டர் அதே ரூம்ல. 2.4 பக்கம் போகவே வேண்டாம். இன்னொண்ணு, உங்க இன்டர்நெட் பிளான் 50 எம்பிபிஎஸ்ஸா 300ஆங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது வீட்டுக்குள்ளயே நடக்கிற போக்குவரத்து. பிளான மாத்தச் சொல்றவங்கள நம்பாதீங்க.

கேபிளுக்கு ரெண்டு குறை: நின்னு சுத்தி ஆடும்போது கால்ல மாட்டும், பல பிசி போர்ட்டுங்க தர்ற கரண்ட் பத்தாது, சார்ஜ் மெதுவா இறங்கிட்டே இருக்கும்.

என்னைக் கேட்டா, ஃப்ளைட் சிமுலேட்டர், கார் ரேஸ்னு உட்கார்ந்து ஆடறவங்களுக்கு கேபிள். நின்னு ஆடறவங்க, ரூம்லயே ரவுட்டர் வைக்க முடிஞ்சா, வைஃபை. வாங்கறதுக்கு முன்னாடி கையில இருக்கிற யூஎஸ்பி 3 கேபிள்லயே ஒரு தடவ ஆடிப் பாருங்க. போன் சார்ஜரோட வர்ற கேபிள் பெரும்பாலும் யூஎஸ்பி 2தான், அத வெச்சு முடிவு பண்ணாதீங்க.