மிளகாயே குழம்பாகும் கள்ளிக் கறி

பாரிஸின் ரூ பிலிப்-து-ஜிரார் பக்கம் மரக்கறிச் சமையலுக்குச் சாமான் தேடி அலையத் தேவையில்லை. 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம் நெடுங்காலம் இந்தத் தெருவில்தான் இருந்தது. இப்போது பக்கத்தில் ரூ பஜோலில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விரதக்காரருக்கு வேண்டியதெல்லாம் லாச்சப்பல் கடைகளிலேயே கிடைத்துவிடும். மெக்சிகோக் கத்தோலிக்கருக்கும் தவக்காலத்து வெள்ளிகளில் இறைச்சி ஆகாது. அந்நாட்களில் அவர்கள் சமைக்கும் ஒரு கறியைத் தேத்தண்ணி குடித்தபடியே பார்த்துவிடலாம்: சிவப்பு மிளகாய்க் குழம்பில் நொபால் கள்ளியும் உருளைக்கிழங்கும்.

முதலில் மிளகாய். நாம் செத்தல் மிளகாயை உறைப்புக்காகப் போடுகிறோம், நாலைந்து போதும். மெக்சிகோவில் குழம்பின் கெட்டித்தன்மை, நிறம், மணம் மூன்றையும் மிளகாயின் சதையே தருகிறது. அதனால் நாலு பேருக்கு ஆறு குவாஹியோவும் இரண்டு ஆஞ்சோவும் போடுவார்கள். இரண்டும் உறைப்புக் குறைந்த பெரிய வற்றல்கள். அதே எண்ணிக்கையில் நம் செத்தலைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. குவாஹியோ இல்லாவிட்டால் காஷ்மீரி மிளகாய் எடுங்கள். அதன் தோல் மெல்லியது, சதை குறைவு. அதற்கு ஈடாக ஒரு தக்காளியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

காம்பையும் விதையையும் நீக்கி, வெறும் சட்டியில் மிளகாயை இரு புறமும் சில நொடிகள் மட்டும் வாட்டுங்கள். கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும். பிறகு சுடுநீரில் இருபது நிமிடம் ஊறவிட்டு, சுட்ட தக்காளி இரண்டு, உள்ளி இரண்டு பல்லு, அரைத் தேக்கரண்டி சீரகம் சேர்த்து அரையுங்கள். குவாஹியோவின் தோல் தடிப்பானது. வடிகட்டாவிட்டால் நாக்கில் தட்டும்.

அடுத்து கள்ளி. பாரிஸில் மெக்சிகோப் பொருள் விற்கும் கடைகளில் போத்தலில் அடைத்த நொபால் கிடைக்கும். அது வெந்ததுதான், புளிநீரைக் கழுவி வடித்தால் போதும். பச்சையாகக் கிடைத்தால் முள்ளைச் சீவி, விரல் அகலத்தில் நறுக்கி, வெங்காயமும் உப்பும் போட்டுப் பதினைந்து நிமிடம் அவித்து, குளிர்நீரில் அலசுங்கள். வெண்டிக்காய் போல வழுவழுப்பு இருக்கும். அவித்து அலசினால் பெரும்பகுதி போய்விடும். கள்ளி கிடைக்காதவர்கள் போஞ்சியைப் போட்டுக் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விடலாம்; சுவை ஓரளவு கிட்ட வரும்.

இரண்டு கரண்டி எண்ணெயைச் சூடாக்கி அரைத்ததை ஊற்றுங்கள். நிறம் கருஞ்சிவப்பாகி எண்ணெய் பிரியும்வரை கிண்டுவதில்தான் ருசி இருக்கிறது, அவசரப்படாதீர்கள். பிறகு அவித்த உருளைக்கிழங்கு, நொபால், உப்பு, கொஞ்சம் தண்ணீர். பத்து நிமிடம் கொதித்தால் இறக்கலாம். அவர்கள் சோள ரொட்டியோடு சாப்பிடுவார்கள், சோற்றுக்கும் பொருந்தும்.

மிளகாயும் இந்தக் கள்ளி இனமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் ஊருக்கு வந்தவை. மிளகாயை அடுப்பில் ஏற்றினோம். நொபாலின் இனமான சப்பாத்திக்கள்ளியை வேலிக்கு விட்டோம். கள்ளியில் வாழும் சாயப்பூச்சி என்று எண்ணி 1795இல் ஆங்கிலேயர் இந்தியாவுக்குக் கொண்டுவந்த பூச்சி, நல்ல சாயம் தராத வேறு இனமாக இருந்தது. ஆனால் ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. மற்ற வகைகள் பரவித் தொல்லை தந்ததால், 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அப்படியானால் ஊருக்குப் போகும்போது வேலியோரக் கள்ளியை வெட்டிச் சமைக்கலாமா? வேண்டாம். சப்பாத்திக்கள்ளியின் நுண்முள் தோலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் வேறு குடும்பம். அவற்றின் பால் நஞ்சு, கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வெட்டினால் பால் வடியும் எந்தக் கள்ளியையும் அடுப்படிக்குக் கொண்டுவராதீர்கள்.