சூரிய அடுப்பும் வெப்பச் சேமிப்பும்

மாணவர்களே, தன்வெப்பக் கொள்ளளவு, மறைவெப்பம், வெப்ப இடமாற்றம் ஆகியவற்றைத் தனித்தனிப் பாடங்களாகக் கற்றிருப்பீர்கள். இம்மூன்றையும் ஒரே கருவியிற் காண்பதற்குச் சூரிய அடுப்பு சிறந்த உதாரணமாகும்.

தேவை என்ன?

சரவணை போன்ற தீவகக் கிராமங்களில் பனம்மட்டை, பன்னாடை, ஊமல் என்பன நெடுங்காலமாக அடுப்பெரிக்கப் பயன்பட்டு வந்தன. எரிவாயுவும் மண்ணெண்ணெயும் வெளியிலிருந்தே வரவேண்டும். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது இவ்விரண்டுக்கும் நாடெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. வெயிலுக்கு அத்தகைய தட்டுப்பாடு இல்லை. ஏப்பிரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் இத்தீவுகளுக்கு ஏறத்தாழ நேர்மேலே நிற்கும். ஆனால் இரவுச் சாப்பாடு சமைக்கும் நேரத்தில் வெயில் இராது. இதற்குத் தீர்வே வெப்பச் சேமிப்பு.

அடுப்பு தொழிற்படும் விதம்

1767 இல் சுவிற்சர்லாந்து அறிஞர் டி சோசூர் கண்ணாடி மூடியுள்ள பெட்டியொன்றில் சூரிய வெப்பத்தைச் சிறைப்படுத்திக் காட்டினார். இன்றைய பெட்டி அடுப்பும் அதே தத்துவத்தைக் கொண்டது.

1. தளவாடி ஒளியைத் தெறிக்கச் செய்து பெட்டிக்குள் அனுப்பும்.
2. கறுப்புத் தட்டு கதிர்ப்பை நன்கு உறிஞ்சிச் சூடாகும்.
3. சூடான தட்டு காலும் செங்கீழ்க் கதிர்களைக் கண்ணாடி எளிதில் வெளிவிடாது. கடற்காற்று மேற்காவுகையால் வெப்பத்தைக் கவர்வதையும் அது தடுக்கும்.
4. சுவர்களில் அடைத்த உமி அல்லது தும்பு வெப்பக் காவலியாகும்.

எப்பொருளிற் சேமிக்கலாம்?

நீரின் தன்வெப்பக் கொள்ளளவு 4200. மணலினது ஏறத்தாழ 800 (அலகு: ஒரு கிலோகிராமுக்கு, ஒரு கெல்வினுக்கு யூல்). எனவே நீரே சிறந்தது எனப் பலர் விடை எழுதுவர். திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகிவிடும். மணல் அதற்கு மேலும் திண்மமாகவே இருக்கும். சமையலுக்கு உயர் வெப்பநிலை தேவை. ஆகவே மணல் பொருத்தமானது.

கணிப்பு: 5 கிலோகிராம் மணல் 130 பாகையிலிருந்து 80 பாகைக்குக் குளிரும்போது வெளிவிடும் வெப்பம் யாது?

வெப்பம் = திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை மாற்றம்
= 5 × 800 × 50 = 200 000 யூல்.

ஒரு கிலோகிராம் பரபின் மெழுகு உருகும்போதும் ஏறத்தாழ இதேயளவு வெப்பத்தை மறைவெப்பமாக ஏற்கும். உறையும்போது அதனைத் திருப்பித் தரும். எனினும் அதன் உருகுநிலை பொதுவாக 50 – 70 பாகை ஆகையால், அது சமைத்த உணவைச் சூடாக வைத்திருக்கவே உகந்தது.

இந்தியாவின் ராஜஸ்தானில் அபு றோட்டில் பிரம்ம குமாரிகள் அமைத்த ‘இந்தியா ஒன்’ சூரிய வெப்ப நிலையத்தில் வார்ப்பிரும்பு வெப்பத்தைச் சேமிக்கிறது. பொருள் வேறு, தத்துவம் ஒன்றே.

செய்முறையிற் கவனிக்க

• கடற்கரை மணலை நன்னீரிற் கழுவி உப்பு நீக்கி, நன்கு உலர்த்துக. ஈரம் இருப்பின் வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே வீணாகும்.
• மணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். தட்டின் கீழ் மெல்லிய படையாகப் பரப்பி, பழைய இரும்புத் துண்டுகளைக் கலந்தால் வெப்பம் விரைவாகப் பரவும்.
• வெயில் இறங்கியதும் கண்ணாடியின் மேல் தடித்த சாக்கை இட்டு மூடுக.
• பாவித்த இயந்திர எண்ணெயைச் சேமிப்புப் பொருளாக இடவேண்டாம். அதன் புகை உணவுக்கும் உடலுக்கும் தீங்கானது.

சேமிப்புப் பொருள் சக்தியை உண்டாக்குவதில்லை. காலையில் மணலும் சூடாகவேண்டியிருப்பதால் முதற் சமையல் தாமதமாகும்; அத்தாமதத்தின் பயனை மாலையிற் பெறுகிறோம். வடகீழ்ப் பருவ மழைக்காலத்தில் முகில் மூடும் நாட்களில் விறகடுப்பும் வேண்டும்.

பயிற்சி வினா

மேற்படி மணல் வெளிவிடும் வெப்பம் முழுவதும் 2 கிலோகிராம் நீரை அடைந்தால், நீரின் வெப்பநிலை எவ்வளவால் உயரும்? (விடை: ஏறத்தாழ 24 பாகை.) நடைமுறையில் உயர்வு இதைவிடக் குறைவாயிருப்பதற்குக் காரணங்கள் இரண்டு தருக.