தங்கவயல்: எங்க ஊர்க்காரர்கள் இறங்கிப் போன ஊர்

எங்க ஊர் அதியமான்கோட்டை. சேலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இது தருமபுரிக்கு முந்தைய ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். தகடூரை ஆண்ட அதியமான்களின் பெயர் மட்டும் ஊரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதிகாரம் போன பிறகு ஒரு தலைநகருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி இங்கே பிறந்தவனுக்குச் சின்ன வயசிலேயே வந்துவிடும்.

அந்தக் கேள்வியோடுதான் கோலார் தங்கவயலுக்குப் போனேன். இங்கிருந்து கிருஷ்ணகிரி, குப்பம் வழியாக நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். எங்க பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் 'கோலாருக்குப் போயிட்டான்' என்பது அடிக்கடி வரும். தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தச் சேலம், வடஆற்காடு, சித்தூர் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பிப் போனவர்கள்தான் அந்தச் சுரங்கங்களின் ஆழத்தில் இறங்கினார்கள். பெரும்பாலும் தலித் மக்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கோலார் வேறு, தங்கவயல் வேறு. கோலார் பழைய நகரம். கல்வெட்டுகளில் குவளாலபுரம். மேலைக் கங்கர்கள் தலைக்காட்டுக்குப் போவதற்கு முன் அதுதான் அவர்களுடைய தலைநகர். அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, பொட்டல் காட்டில் தங்கத்துக்காகவே முளைத்த ஊர்தான் கேஜிஎஃப்.

தங்கம் கிடைத்த கதை

அங்கே தங்கம் இருப்பது உள்ளூர்க்காரர்களுக்கு முன்பே தெரியும். 1802-ல் எல்லை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், அவர்கள் மண்ணை அலசித் தங்கத்துகள் எடுப்பதைப் பார்த்துக் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு 1871-ல் வந்தவர் மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற ராணுவ வீரர். மைசூர் அரசிடம் 1875-ல் உரிமம் வாங்கினார். ஆனா பணம் பத்தவில்லை. 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் தொழில் சூடு பிடித்தது. பழங்காலத்தவர் தோண்டிவிட்டுப் போன குழிகளுக்குக் கீழேயே வளமான தங்க ரேகை இருந்தது. புதிய நிபுணர்களுக்கு வழிகாட்டியது பெயர் தெரியாத பழைய ஆட்களின் குழிதான்.

அப்புறம் எல்லாமே வேகம். 1894-ல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில். பாலாற்றில் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர். 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம். பெங்களூர் தெருக்களுக்கு விளக்கு வந்தது 1905-ல்தான். அதே காவிரி கீழே இறங்கி ஒகேனக்கல்லில் எங்க மாவட்டத்துக்குள் வருகிறது. எங்க ஆளும் எங்க ஆறும் தங்கவயலுக்கு வேலை செய்திருக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

கீழே இருந்தவர்கள்

மேலே பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். 'குட்டி இங்கிலாந்து' என்று பெயரே உண்டு. கீழே கதை வேறு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அங்கே பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடிக்கும். தப்பித்தவர்களையும் கல்தூசி விடாது, நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயாகும். மேலே வந்தால் மூங்கில் தட்டி வீடுகள் கொண்ட 'லைன்'.

ஆனா அவர்கள் வாயில்லாப் பூச்சிகள் இல்லை. 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பம் ஒரு வலுவான கிளை. அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ் 1920-களில் மீண்டும் வெளிவந்தது தங்கவயலிலிருந்துதான். கர்நாடக சட்டமன்றத்துக்கு அதிமுக வேட்பாளரை அனுப்பிய தொகுதியும் இதுதான்.

இன்னொரு தகவல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1965-ல் வளிமண்டல நியூட்ரினோக்கள் முதன்முதலில் பதிவான இடங்களில் ஒன்று இந்தச் சுரங்கம். டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான், பிரிட்டன் விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்தது. தங்கம் தோண்டிய ஆழம் அறிவியலுக்கும் உதவியது.

மூடிய பிறகு

தொடக்கத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் தங்கம். கடைசியில் சுமார் 3 கிராம்தான். 1956-ல் அரசுடைமையாகி, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆன நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் எடுத்தது சுமார் 800 டன். தங்கம் போய்விட்டது. அரைத்துச் சயனைடில் கரைத்து வடித்த கழிவு மட்டும் மலைமலையாக ஊருக்குள் நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி லைன் வீடுகளுக்குள் வரும்.

போனால் என்ன பார்க்கலாம்?

சுரங்கத்துக்குள் இறங்க முடியாது. மேலே பார்க்க நிறைய இருக்கு. பங்காருப்பேட்டையில் மாரிக்குப்பம் ரயிலில் ஏறுங்க. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நிலையத்தின் பெயர்களே சுரங்க வரலாறு. துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரங்கள் தெரியும். ஆங்கிலேயர் காலத்துத் தேவாலயங்கள் உண்டு. பெத்தபள்ளியில் பழமையான எரிமலைப் பாறைகள், தேசியப் புவியியல் சின்னம். பக்கத்தில் கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர், கோலாரில் சோழர் கல்வெட்டுகள் உள்ள கோலாரம்மன் கோயில். 2018-ல் 'கேஜிஎஃப்' படம் வந்த பிறகு பலர் சயனைடு மேட்டில் போட்டோ எடுக்கத்தான் வருகிறார்கள்.

போட்டோ எடுத்துக்கோங்க, தப்பில்லை. ஆனா அதிகாலை ரயிலையும் ஒரு தடவை பாருங்க. சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருட்டோடு எழுந்து, தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். ஊரைக் காலி செய்யாமல் அங்கேயே இருக்கணும்னு இப்படி அலைகிறார்கள்.

அதியமான்கோட்டையில் என் கேள்விக்குக் கிடைக்காத பதில் அந்த ரயிலில் கிடைத்தது. அதிகாரமும் தங்கமும் போகும். சனங்கள் இருக்கும்வரை ஊர் இருக்கும். தங்கவயலைப் 'பேய் நகரம்' என்று எழுதுகிறவர்கள் அந்த ரயிலில் ஒருநாள் நின்றுகொண்டே போய்ப் பார்க்கட்டும்.