டி. ஜேக்கப் ஜான்

டி. ஜேக்கப் ஜான் என்பவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய குழந்தை மருத்துவரும் தீநுண்மியியல் (வைரசு பற்றிய இயல்) அறிஞரும் ஆவார். இளம்பிள்ளை வாதத் (போலியோ) தடுப்பு பற்றிய ஆய்வுகளால் அறியப்படுபவர். ஓரிடத்தில் பயன் தந்த தடுப்புமுறை பிற இடங்களிலும் அதே பயனைத் தரும் என்று சோதிக்காமல் ஏற்கலாகாது என்பது இவரது ஆய்வுகளின் அடிப்படைக் கருத்தாகும்.

சொட்டு மருந்து ஆய்வு

வாய்வழிப் போலியோ மருந்தை மூன்று முறை கொடுத்தால் போதும் என்பது மேலைநாடுகளின் பட்டறிவு. வேலூர்க் குழந்தைகளின் குருதியைச் சோதித்த ஜேக்கப் ஜான், மூன்று தவணைக்குப் பின்னும் கணிசமானோரிடம் போதிய எதிர்ப்பொருள் உருவாகவில்லை என்று 1972இல் எழுதினார். மருந்தைக் குளிரில் சரிவர வைக்காததே காரணம் என்று கூறி இதை ஒதுக்குவது எளிதாக இருந்தது. ஆனால் தவணைகளைக் கூட்டியபோது எதிர்ப்பாற்றலும் கூடியது. பல ஆண்டுகளுக்குப் பின், உத்தரப் பிரதேசத்தில் பலமுறை சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளுக்கும் போலியோ வந்தபோது இதன் பொருள் அனைவருக்கும் விளங்கியது.

ஒரு பகுதியின் குழந்தைகள் அனைவருக்கும் குறுகிய காலத்தில் ஒருசேர மருந்து கொடுக்கும் முறையை இவர் வேலூரில் முன்னதாகவே செயற்படுத்தினார். இந்தியா முழுவதும் இத்தகைய முகாம்கள் 1995இல் தொடங்கின. சொட்டு மருந்திலுள்ள உயிருள்ள தீநுண்மியே மிக அரிதாக வாதத்தை உண்டாக்கக்கூடும் என்பதால், செயலிழக்கச் செய்த தீநுண்மி கொண்ட ஊசி மருந்து தேவை என்றும் நெடுங்காலம் வாதிட்டார். நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் அது 2015இல்தான் சேர்க்கப்பட்டது.

நோய்க் கண்காணிப்பு

நோய் எங்கே, எத்தனை பேருக்கு வருகிறது என்று அறியாமல் தடுப்புப் பணி இயலாது என்பது இவரது மற்றொரு கருத்து. இதற்கென வட ஆர்க்காடு மாவட்டத்தில் அஞ்சலட்டை முறை ஏற்படுத்தப்பட்டது. குறிப்பிட்ட நோய்களைக் கண்ட அரசு, தனியார் மருத்துவர்கள் ஓர் அட்டையை நிரப்பி அனுப்புவர். திரட்டிய செய்தி இதழாக அவர்களுக்கே திரும்பி வரும். தாம் அனுப்பியது பயன்படுகிறது என்று கண்டதால் மருத்துவர்கள் தொடர்ந்து எழுதினர் எனலாம். பின்னர் கேரளத்தின் கோட்டயத்திலும் இம்முறை பின்பற்றப்பட்டது.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய குருதி மாதிரிகள், இவரது வேலூர் ஆய்வகத்தில்தான் எச்.ஐ.வி. சோதனைக்கு உட்பட்டன. எய்ட்சு இந்தியாவில் இல்லை என்ற நம்பிக்கை அத்துடன் முடிவுற்றது.

முசாபர்பூர்

பீகாரின் முசாபர்பூரில் கோடைதோறும் குழந்தைகளைக் கொன்ற நோய் மூளையழற்சி என்றே கருதப்பட்டது. ஜேக்கப் ஜானும் முகுல் தாசும் அங்கு சென்று ஆராய்ந்து, அது தீநுண்மியால் வருவதன்று என்றனர். ஊட்டம் குறைந்த குழந்தைகள் லிச்சிப் பழத்தைத் தின்று, இரவுணவின்றி உறங்கும்போது, பழத்திலுள்ள ஒரு நச்சுப்பொருளால் விடியலில் குருதிச் சர்க்கரை வீழ்கிறது என்பது அவர்கள் விளக்கம். மாற்றுக் கருத்துகளும் வந்துள்ளன. ஆயினும் இரவில் உணவு கொடுப்பதும், நோயுற்ற குழந்தைக்கு உடனே குளுக்கோசு ஏற்றுவதும் இதன்வழி வந்த அறிவுரைகளே.