நாற்பது மடல்களும் ஒரு பனையும்

மார்கழி பிறந்துவிட்டால் என் எழுதுமேசையிலே புத்தகங்களுக்கு இடமில்லை. நீர்வர்ணப் பெட்டி, இரண்டு தூரிகைகள், நீர் நிறைந்த இரண்டு கண்ணாடிக் குவளைகள், தீப்பெட்டியளவிலே ஓர் இறப்பர் அச்சு, வெட்டி அடுக்கிய நாற்பது வெண்மட்டைகள் ஆகியவையே அங்கு குடியிருக்கும். பொங்கல் வாழ்த்தைக் கைத்தொலைபேசியில் ஒரு நொடியிலே அனுப்பிவிடும் இக்காலத்தில் இஃதென்ன வேலை என்று வீட்டிலுள்ளோர் கேட்பதுண்டு. நான் மறுமொழி கூறுவதில்லை. தூரிகையில் வர்ணம் இருக்கும்போது வாதத்தில் இறங்கினால் மட்டை உலர்ந்துவிடும்.

இப்பழக்கம் 2002ஆம் ஆண்டின் இறுதியிலே தொடங்கியது. கண்டி வீதி மீளத் திறக்கப்பட்ட ஆண்டு அது. நெடுங்காலம் காணாதிருந்த நண்பர்களுக்குக் கடையிலே வாங்கிய மடலை அனுப்ப என் மனம் ஒப்பவில்லை. பென்சில் எழுத்தை அழிக்கும் இறப்பர் ஒன்றிலே ஒற்றைப் பனையைச் சவர அலகினாற் செதுக்கினேன். காரியாலயங்களிற் பயன்படும் ஊதா மைத்தட்டிலே அதனைத் தோய்த்து நாற்பது மட்டைகளிலும் பதித்தேன். பனைக்குப் பின்னால் வானம் வேண்டுமே என்று நீலந் தோய்ந்த ஈரத் தூரிகையை முதலாவது மட்டையிலே குறுக்காக இழுத்தேன். வட்டும் ஓலையும் ஒன்றாய்க் கரைந்து, வானமெங்கும் ஊதாவாய்ப் பரந்தன. ஒருவேளை மை சரியாக உலரவில்லையோ என்று மறுநாட் காலைவரை பொறுத்திருந்து மீண்டும் முயன்றேன். பயன் அதுவேதான்.

பிழை மையிலன்று, என் அறியாமையிலே இருந்தது. அவ்வகை மை நீரிலே கரைந்த சாயம். உலர்ந்தாலும், நீர் பட்டவுடன் மீண்டும் கரைவது அதன் இயல்பு. கரித்தூள் போன்ற கரையாத நுண்துகள்களை உறுதியான பசையுடன் சேர்த்துச் செய்த மையோ, எண்ணெய் கலந்த அச்சு மையோ அவ்வாறு கரைவதில்லை. எண்ணெய் மைக்குப் பொறுமை வேண்டும். மார்கழிப் பனியிலே அது உலர நாட்கள் பல செல்லும். மழை ஓய்ந்தவுடனே அச்சைப் பதித்துவிட வேண்டும் என்பதை அடுத்த ஆண்டு கற்றுக்கொண்டேன். முதலாண்டுக் கரைசல்களில் ஒன்றைமட்டும், மன்னிப்புக் கோரி இரண்டு வரி எழுதி, மட்டக்களப்பிலே தமிழாசிரியராக இருந்த நண்பருக்கு அனுப்பினேன். மற்றையவை அடுப்புக்கு இரையாயின.

இரண்டாம் ஆண்டு மை கரையவில்லை. நாற்பது பனைகள், நாற்பது நீல வானங்கள், அச்சகத்திலிருந்து இறங்கியவைபோல ஒரே சீராக அமைந்தன. பெருமையோடு தபாலிற் சேர்த்தேன். மட்டக்களப்பிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. “தங்கள் சுற்றுநிருபம் கிடைத்தது” என்று மட்டும் அதில் எழுதியிருந்தது. திணைக்களச் சுற்றுநிருபங்களைப் படித்துப் படித்துத் தலைநரைத்த ஆசிரியர் ஒருவர் அச்சொல்லை விளையாட்டாக எடுத்தாண்டிருக்க மாட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அச்சின் குணம் அது. எத்தனை முறை பதித்தாலும் அது ஒன்றையே சொல்லும். நத்தார் வாழ்த்து மடலின் வரலாற்றிலும் இச்சங்கடம் தொடக்கத்திலேயே இருந்தது. 1843ஆம் ஆண்டு இலண்டனிலே ஹென்றி கோல் என்பார், தம் நண்பர் யாவருக்கும் தனித்தனியே கடிதமெழுத நேரமின்றி, ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு மடலை வரைவித்தார். கல்லச்சிலே பதித்த அதற்குக் கையால் வர்ணமிட்டு, மேலதிகப் பிரதிகளை ஒரு சிலிங்குக்கு விற்றனர். விருந்திலே சிறு பிள்ளைக்கும் மதுவைப் பருகக் கொடுப்பதாக அச்சித்திரம் அமைந்திருந்தமையால் மதுவிலக்கு அன்பர்கள் சினந்தார்கள் என்பது வேறு கதை. என்னை ஈர்ப்பது, கோடு இயந்திரத்துக்கும் வர்ணம் மனிதக் கைக்கும் என்று அவர்கள் பிரித்துக்கொண்ட முறையேயாம்.

அவ்வழியையே நானும் பற்றினேன். பனை எல்லார்க்கும் ஒன்று. வானம் பெறுபவருக்கு உரியது. நீர்வர்ணத்துக்கு இதனைவிடப் பொருத்தமான பணி வேறில்லை, ஏனெனில் ஒரு நீர்ப்பூச்சை இரண்டாம் முறை அவ்வாறே வரவழைக்கக் கைதேர்ந்தவராலும் இயலாது.

செய்முறையை ஆர்வமுள்ள மாணவர்களுக்காகச் சற்று விரித்துரைக்கிறேன். மெல்லிய தாள் ஈரம் பட்டதும் அப்பளம்போற் சுருளும். சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள தாள் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும். சொரசொரப்பான தாளில் நீர் அழகாக ஓடும். அச்சோ திட்டுத்திட்டாகப் பதியும். ஆகவே வழுவழுப்பான தாளே எனது தெரிவு. வானம் வரையுமிடத்தை முதலில் வெறும் நீரால் நனைத்து, அந்த ஈரத்திலே வர்ணத்தைத் தொட்டுவிட்டு மட்டையைச் சற்றே சாய்த்தல் வேண்டும். வர்ணம் தானே வழிதேடிச் செல்லும். தாளின் மினுமினுப்பைக் கண்ணெடாது பார்த்திருங்கள். அது மறையத் தொடங்கிய பின்னர் ஒரு துளி நீர் வீழ்ந்தாலும், அத்துளி வர்ணத்தை ஓரத்துக்குத் தள்ளிப் பூக்கோவா போன்ற கறையை உண்டாக்கும். தொடக்கத்தில் அக்கறைகளைக் கண்டு மனம் நொந்தேன். பின்னர் மழைமேகம் வேண்டுமிடத்து வேண்டுமென்றே துளி விடப் பழகினேன்.

வெண்மைக்கு வர்ணம் இல்லை, தாளே வெண்மை. நிலவு வேண்டுமாயின் அவ்விடத்தில் மெழுகுதிரியை முன்னரே அழுத்தித் தேய்த்துவிட்டால் நீர் அங்கு ஒட்டாது. ஈரம் காயுமுன் நாலைந்து உப்புக் கற்களைத் தூவினால், ஒவ்வொரு கல்லும் தன்னைச் சூழ்ந்த நீரை உறிஞ்சி, ஒரு வெளிறிய நட்சத்திரத்தை விட்டுச்செல்லும். கடலோரத்து நண்பர்களுக்கு இந்த உப்பு வானத்தையே அனுப்புவேன்.

மையே இல்லாமற் பதிக்கும் முறையும் ஒன்றுண்டு. இறப்பர் அச்சின் மேலேயே தூரிகையால் நீர்வர்ணத்தைப் பூசி, வாயால் ஒருமுறை ஆவி ஊதி, மட்டையில் ஒற்றவேண்டும். இறப்பர் நீரை ஏற்காது, முத்துமுத்தாய் உருட்டிவிடும். மணற்கடதாசியால் அதன் முகத்தை இலேசாக உரைத்து, வர்ணத்திலே துளி சவர்க்காரநீர் சேர்த்தால் இணங்கும். ஓலையிற் பச்சையும் அடியிற் கபிலமும் ஒன்றோடொன்று மயங்கிய பனை அப்போது கிடைக்கும்.

எழுத்துச் செதுக்குவோர் அதனை எண்ணெய்த்தாளில் எழுதித் தலைகீழாய்த் திருப்பி இறப்பரில் ஒற்றிக்கொள்ளல் நன்று. என் மாணவனொருவன் நேராகவே செதுக்கிவிட்டான். பொங்கலின் கொம்பு எழுத்துக்கு வலப்புறம் வந்து நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தது.

சுற்றுநிருபம் என்ற சொல்லை நண்பர் அதன்பின் எழுதவில்லை. வேறெந்தப் பாராட்டும் எழுதவில்லை. ஆண்டுதோறும் அவருடைய வானத்தை நான் இறுதியாகவே தீட்டினேன். மட்டக்களப்பிலே தைப்பிறப்பிலும் மழை விடாதாகையால் அவருக்குச் சாம்பல் மேகங்கள். வாவியின் மேல் ஒளி வீழ்ந்த ஆண்டொன்றை அவர் கடிதத்திலே குறிப்பிட்டபின் இளஞ்சிவப்பு. வீதி மீண்டும் மூடுண்ட காலத்திலும் மடல்கள் எப்படியோ போய்ச் சேர்ந்தன. சில தையிலன்று, மாசியிலே.

2023ஆம் ஆண்டு ஆவணியில் அவர் காலமானார். சில கிழமைகள் கழித்து அவருடைய மகள் ஒரு பொதி அனுப்பியிருந்தார். நூலாற் கட்டிய இருபத்தொரு மடல்கள். மேசையிலே வரிசையாகப் பரப்பினேன். மூன்று முறை புதிதாய்ச் செதுக்கியும் பனை ஏறத்தாழ அதே பனைதான். வானங்களுள் எதுவும் இன்னொன்றை ஒத்திருக்கவில்லை. முதலாண்டு ஊதாக் கரைசலும் அங்கிருந்தது. இருட்டிலே கிடந்தமையால் அதன் சாயம் நேற்றிட்டதுபோற் பளிச்சென்றிருந்தது. இளஞ்சிவப்பு மடலில் மட்டும் வானத்தையே காணவில்லை. வெற்றுத்தாளில் கறுத்த பனை தனித்து நின்றது. நான்கு மூலைகளிலும் குண்டூசித் துளைகள். அதனை அப்பா தம் கட்டிலருகே, யன்னலோரச் சுவரிலே குத்தி வைத்திருந்தார் என்று மகள் எழுதியிருந்தார்.

அலிசரின் சிவப்பு, அதிலும் நீர்த்துப் பூசிய மெல்லிய பூச்சு, ஒளிக்கு நில்லாது என்பதை நான் அறிந்திருக்கவேண்டும். சுவரில் மாட்டுவோரும் இருப்பர் என்ற எண்ணம் எனக்கு எழவேயில்லை. அப்பெட்டியிலிருந்து அதனை எடுத்துவிட்டு, ஒளி தாங்கும் குயினக்கிறிடோன் சிவப்பை இப்போது வைத்திருக்கிறேன். விலை சற்றுக் கூடுதலாயினும் நிறம் நிலைக்கும்.

அதன்பின் வந்த மார்கழிகளிலும் பழக்க தோஷத்தால் நாற்பது மட்டைகளையே வெட்டினேன். மிஞ்சும் ஒன்றிலே, மற்றவற்றுக்கு இடுமுன், வர்ணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.