'இன்ஃபார்ம்' என்னும் ஆங்கில வினையும் அதன் தமிழாக்கமும்

0. முன்னுரை

புதுதில்லியின் சாணக்யபுரி அயல்நாட்டுத் தூதரகங்கள் நிறைந்த பகுதியாகும். அயல்நாட்டவர் ஒருவர் இந்தியாவில் கைது செய்யப்படின் யாருக்கு எதனை அறிவித்தல் வேண்டும் என்பதை 1963-ஆம் ஆண்டின் வியன்னா துணைத்தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36-ஆம் உறுப்பு வரையறுக்கிறது. அவ்வுறுப்பில் ஆளப்பெற்றுள்ள 'இன்ஃபார்ம்' என்னும் வினையைத் தமிழாக்குவதில் எழும் சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. தொடரமைப்பு

'சே' என்னும் வினை சொல்லப்படும் செய்தியைச் செயப்படுபொருளாகக் கொள்ளும். 'டெல்' பெரும்பாலும் கேட்போரையும் உடன்கொள்ளும். 'இன்ஃபார்ம்' கேட்போரையே செயப்படுபொருளாக்கிச் செய்தியை 'ஆஃப்' என்னும் முன்னிடைச்சொல்லால் இணைக்கும். தமிழில் இவ்வமைப்பு மாறுகிறது. 'அவருக்கு உரிமைகளை அறிவித்தனர்' என்னும் தொடரில் செய்தி இரண்டாம் வேற்றுமையையும் கேட்போரைக் குறிக்கும் பெயர் நான்காம் வேற்றுமையையும் ஏற்கின்றன. ஆங்கிலத் தொடரில் கேட்போரை விலக்குதல் அரிது. தமிழிலோ நான்காம் வேற்றுமைப் பெயர் எளிதில் விடுபடும்.

2. பொருள்

'சொல்' பேச்சுச் செயலை மட்டும் சுட்டும். அறிவி, தெரிவி, உணர்த்து ஆகியவை முறையே அறி, தெரி, உணர் என்பவற்றின் பிறவினைகள். கேட்போரிடத்து விளையும் பயனையும் உட்கொண்டவை. ஆயினும் 'அரசு அறிவித்தது' என்னுமிடத்துக் கேட்போர் சுட்டப்பெறாமையால், 'அறிவி' பொதுவில் வெளியிடுதலைக் குறிக்கிறது. 'இன்ஃபார்ம் ஆன்' என்பது காட்டிக்கொடுத்தலாகும். அதனை இவற்றோடு மயக்கலாகாது.

3. உடன்படிக்கைச் சூழல்

36-ஆம் உறுப்பில் இவ்வினை இரு கடமைகளைக் குறிக்கிறது. கைதானவர் வேண்டினால் அவர் நாட்டுத் துணைத்தூதரகத்திற்குத் தாமதமின்றிச் செய்தி தருதல் ஒன்று; அவருடைய உரிமைகளை அவருக்கே தாமதமின்றி அறிவித்தல் மற்றொன்று. முன்னது அவர் வேண்டுகோளைச் சார்ந்தது. தம் அரசுக்கு அஞ்சுவோர் அதனை வேண்டாதிருக்கலாம். பின்னதற்கு அத்தகைய நிபந்தனை இல்லை. உரிமையை அறியாதவர் வேண்டுகோள் விடுத்தல் எங்ஙனம்? எனவே முன்னது பயன்படுதற்குப் பின்னது இன்றியமையாதது. ஆங்கில மூலம் இரண்டிற்கும் ஒரே வினையை ஆள, பிரெஞ்சு மூலம் 'அவெர்த்தீர்', 'அன்ஃபொர்மே' என இரு வினைகளை ஆள்கிறது.

இவ்விரு கடமைகளும் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் சோதனைக்குள்ளாயின. அவர் 2016 மார்ச் 3-ஆம் நாள் கைதானதாகப் பாகிஸ்தான் கூறியது. இந்தியாவுக்குச் செய்தி கிடைத்தது மார்ச் 25-ஆம் நாளாகும். ஏறத்தாழ மூன்று வாரக் காலத்தாழ்வு 'தாமதமின்றி' என்னும் விதிக்கு முரணானது என்றும், அவருக்கு அவர்தம் உரிமைகள் அறிவிக்கப்படாமையும் மீறலே என்றும் பன்னாட்டு நீதிமன்றம் 2019 ஜூலை 17-ஆம் நாள் தீர்ப்பளித்தது.

4. முடிவு

'உரிமைகளை அறிவிக்க வேண்டும்' என்று மட்டும் பெயர்ப்பின், சுவரில் ஒட்டிய அறிவிப்பும் போதுமெனப் பொருள்படும். 'சொல்' மூலத்தினும் குறைவானது. 'உணர்த்து' மூலத்தினும் மிகையானது. ஆதலின் துணைத்தூதரகத்திற்குத் 'தெரிவி' என்பதையும், கைதானவர்க்கு 'அவருக்கு அறிவி' என நான்காம் வேற்றுமை வெளிப்பட நிற்கும் தொடரையும் ஆள்வது தகும். ஈண்டு வேற்றுமை உருபு விடுபடின், உரிமைக்கு உரியவரும் தொடரிலிருந்து விடுபடுவார்.