முதுமையின் பாட்டுக்கு எத்தனை டொலர்?

ஒரு மாலைப்பொழுது பாட்டுக் கேட்பதற்காக ஒருவர் தன் ஒரு கிழமைச் சம்பளத்தைக் கொடுக்கலாமா? அப்படிக் கொடுப்பவரைப் பைத்தியக்காரர் என்று சொல்லிவிடுவோமா, அல்லது அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கும் என்று பொறுமையாகக் கேட்போமா?

மேற்கு நாடுகளில் பல ஆண்டுகளாகச் சூடாக விவாதிக்கப்பட்டு வரும் கேள்வி இது. எழுபது, எண்பது வயதைத் தொட்டுவிட்ட றொக் இசைக் கலைஞர்கள் இன்னமும் மேடை ஏறுகிறார்கள். அவர்களைப் பார்ப்பதற்கான நுழைவுச்சீட்டு நூற்றுக்கணக்கான டொலருக்கு விற்கப்படுகின்றது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம் உறவினர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கச்சேரிகள் புதியவை அல்ல.

"அரிசி விலையையே தாங்க முடியாமல் இருக்கிறோம், எங்களுக்கு எதற்கு இந்தக் கதை?" என்று வாசகிகளில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இதற்குள் நமக்கும் உரிய மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒரு பொருளின் விலையை யார் தீர்மானிக்கிறார்கள்? வயது போனவர்களின் உழைப்புக்கு மதிப்பு உண்டா? மகிழ்ச்சிக்காகச் செலவு செய்வது குற்றமா? இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

அன்றைய விலையும் இன்றைய விலையும்

றொக் இசை 1950களில் அமெரிக்காவில் உருவானது. கறுப்பின மக்களின் துயரப் பாடல்களில் இருந்தும் கிராமியப் பாடல்களில் இருந்தும் கிளைத்த இந்த இசை, மிக விரைவில் இளைஞர்களின் சொத்தாகியது. கிற்றாரும் ட்ரம்ஸும் முழங்கப் பாடிய பையன்களுக்கு அப்போது இருபது வயதுதான். அவர்களைக் கேட்டவர்களுக்கு அதைவிடக் குறைந்த வயது. பெரியவர்கள் இதை இரைச்சல் என்றார்கள்.

1965 ஓகஸ்ற் மாதம் பீற்றில்ஸ் குழுவினர் நியூயோர்க்கின் ஷே விளையாட்டரங்கில் பாடினார்கள். 55,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். மிகக் கூடிய விலையுள்ள சீட்டு 5 டொலர் 65 சதம். அந்நாளில் அமெரிக்கச் சமஷ்டி அரசின் ஆகக்குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு ஒன்றேகால் டொலர். அதாவது ஆகக்குறைந்த கூலி பெறும் ஒரு பெண் நாலரை மணித்தியாலம் வேலை செய்தால் முதல்தரச் சீட்டொன்றை வாங்கியிருக்கலாம்.

இனி 2022ஆம் ஆண்டுக்கு வருவோம். அமெரிக்கப் பாடகர் புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீனின் சுற்றுலாவுக்குச் சீட்டுகள் விற்பனைக்கு வந்தபோது அவருக்கு வயது 72. விற்கப்பட்ட சீட்டுகளின் சராசரி விலை 262 டொலர் என விற்பனை நிறுவனமான ரிக்கற்மாஸ்ரரே அறிவித்தது. பாதிக்கும் மேற்பட்ட சீட்டுகள் 200 டொலருக்குக் குறைவாக விற்கப்பட்டதாகவும் அது விளக்கம் கூறியது. எனினும் சில சீட்டுகளின் விலை 4,000 டொலரைத் தாண்டியிருந்தது. சமஷ்டி அரசின் ஆகக்குறைந்த கூலியோ 2009ஆம் ஆண்டில் இருந்து 7 டொலர் 25 சதம்தான். பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக நிர்ணயித்துள்ளன என்பது உண்மை. ஆயினும் சமஷ்டிக் கணக்கின்படி பார்த்தால், அந்தச் சராசரிச் சீட்டுக்கு 36 மணித்தியாலம் உழைக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு கிழமை வேலை.

விலையைக் காசில் பார்ப்பதைவிட உழைத்த நேரத்தில் பார்த்தால் உண்மை துலக்கமாகத் தெரியும். நம் கூலிக்கும் சந்தைச் சாமானுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஏன் இப்படி ஏறியது?

முன்பெல்லாம் இசைக்கலைஞர்களுக்கு இசைத்தட்டு விற்பனைதான் பெரிய வருமானம். கச்சேரி என்பது இசைத்தட்டுக்கு விளம்பரம் போன்றது. அதனால் சீட்டு விலை குறைவாகவே வைக்கப்பட்டது. 1999இல் இணையத்தில் பாடல்களை இலவசமாகப் பரிமாறும் வசதி பரவியதும் நிலைமை தலைகீழாக மாறியது. பாடல் இலவசமாகக் கிடைத்தால் இசைத்தட்டை யார் வாங்குவார்? பாட்டு இனித் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர் போலாகிவிடும், கலைஞர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடித்தான் பிழைக்க வேண்டிவரும் என்று பாடகர் டேவிட் போவி 2002இலேயே எச்சரித்திருந்தார். அப்படியே நடந்தது.

ஆனால் இணையத்தின் மீது மட்டும் பழியைப் போட முடியாது. ஈகிள்ஸ் என்ற குழு 14 ஆண்டுகள் பிரிந்திருந்து 1994இல் மீண்டும் ஒன்றுசேர்ந்தபோது, சீட்டு விலை 100 டொலரைத் தாண்டியது. அப்போது அது பெரும் பேச்சாக இருந்தது. ஆனால் மக்கள் வாங்கினார்கள். முதிய இரசிகர்களிடம் பணம் இருக்கிறது, பழைய நினைவுக்காக அவர்கள் அதைக் கொடுப்பார்கள் என்ற பாடத்தை மற்றவர்களும் கற்றுக்கொண்டனர்.

பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் அலன் குறூகர் இதுபற்றி விரிவாக ஆராய்ந்தவர். 1982இல் கச்சேரி வருமானத்தில் 26 சதவீதத்தை உச்சியில் இருந்த ஒரு சதவீதக் கலைஞர்கள் பெற்றனர். 2003இல் அது 56 சதவீதமாகியது என அவர் எடுத்துக்காட்டினார். அதாவது இசைத்துறையிலும் இருப்பவரிடமே மேலும் சேர்கிறது. சிறு மண்டபங்களில் பாடும் இளம் கலைஞர்களுக்கு மிஞ்சுவது சொற்பமே.

வரிசையில் நிற்கும்போதே ஏறும் விலை

இன்னொரு காரணம் விற்கும் முறை. கேட்பவர்கள் கூடினால் விலையும் கூடும் வகையில் சில சீட்டுகள் விற்கப்படுகின்றன. விமானச் சீட்டுக்கு இருந்த வழக்கம் பாட்டுக் கச்சேரிக்கும் வந்துவிட்டது. ஸ்பிறிங்ஸ்ரீன் உழைக்கும் மக்களின் வாழ்க்கையைப் பாடிப் புகழ்பெற்றவர். எனவே அவருடைய சீட்டு இம்முறையில் விற்கப்பட்டது இரசிகர்களை மிகவும் புண்படுத்தியது. 1980இல் இருந்து அவருக்காகவே வெளிவந்த இரசிகர் சஞ்சிகை ஒன்று, மனம் வெறுத்து 2023இல் தன்னை மூடிக்கொண்டது. இடைத்தரகர்கள் அள்ளிக்கொண்டு போகும் பணம் மேடையில் வியர்வை சிந்துபவர்களுக்கே வரட்டுமே என்பது ஸ்பிறிங்ஸ்ரீன் தரப்பு வாதம். அதையும் முற்றாக ஒதுக்கிவிட முடியாது.

2009இல் பிரிந்த ஒயாசிஸ் குழு மீண்டும் சேர்வதாக அறிவித்து, 2024 ஓகஸ்ற் 31ஆந் திகதி பிரித்தானியாவில் சீட்டு விற்றது. மக்கள் இணையத்தில் மணிக்கணக்காக வரிசையில் காத்திருந்தனர். 150 பவுண் அளவில் எதிர்பார்த்துப் போன சீட்டு, தங்கள் முறை வந்தபோது 350 பவுணுக்கு மேல் நின்றதைக் கண்டு திகைத்தனர். இருக்கையே இல்லாத, நின்று பார்க்கும் சீட்டு அது! பிரித்தானியாவின் போட்டி, சந்தைகள் அதிகார சபை இதனை விசாரித்தது. நின்று பார்க்கும் சீட்டுகள் இரண்டு விலைகளில் இருந்தன, மலிவானவை முடிந்ததும் மற்றவை விற்கப்பட்டன, இது மக்களுக்கு முன்கூட்டித் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. விலை விபரங்களை முன்னரே தெளிவாக அறிவிப்பதாக ரிக்கற்மாஸ்ரர் 2025 செப்ரெம்பரில் உறுதியளித்தது.

விலை கூடுதலாக இருப்பது ஒரு விடயம். விலையை மறைத்து வைத்து, காத்திருந்து களைத்தவரிடம் கடைசி நிமிடத்தில் கூட்டிச் சொல்வது வேறு விடயம். முன்னையதை வேண்டாம் என்று விட்டுவிடலாம். பின்னையது ஒருவரின் ஆசையைப் பிடித்து அவரை மடக்குவதாகும். வட்டியைப் பிறகு சொல்லும் கடன்காரரைக் கண்ட நமக்கு இந்த வேறுபாடு நன்றாகவே விளங்கும்.

மறுத்துக் காட்டியவர்கள்

இது தவிர்க்க முடியாத விதி அல்ல என்பதையும் சிலர் காட்டியிருக்கிறார்கள். பேர்ள் ஜாம் குழுவினர் சீட்டு விலை 20 டொலருக்குள் இருக்க வேண்டும் என்று நின்று, 1994இல் ரிக்கற்மாஸ்ரருக்கு எதிராக அமெரிக்க நீதித் திணைக்களத்தில் முறையிட்டனர். காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியமும் அளித்தனர். அம்முறைப்பாடு 1995இல் நடவடிக்கையின்றிக் கைவிடப்பட்டது. ஆனால் 2024 மே மாதம் அதே திணைக்களம், ரிக்கற்மாஸ்ரரை உள்ளடக்கிய லைவ் நேஷன் நிறுவனம் சந்தையைத் தன் கைக்குள் வைத்திருக்கிறது என்று வழக்குத் தொடுத்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த முறைப்பாடு வீண்போகவில்லை எனலாம்.

தி கியூர் குழுவின் பாடகர் றொபேட் சிமித் 2023இல், தமது 63ஆவது வயதில், விலையேறும் முறையை ஏற்க மறுத்து, சில இடங்களில் 20 டொலருக்கும் சீட்டு வைத்தார். ஆனால் அந்தச் சீட்டுக்கு மேல் சேர்க்கப்பட்ட சேவைக் கட்டணம் சீட்டின் விலையையே மிஞ்சியது. அவர் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பியதும், நிறுவனம் 5 டொலரும் 10 டொலருமாக ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. தொகை சிறிதுதான். ஆனால் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது ஒரு சான்று.

வாங்குபவர் எதைப் பெறுகிறார்?

முதிய கலைஞரின் குரல் இளமையில் இருந்தது போல இராது. மேல் சுருதி எட்டாது. பாடலைச் சற்று இறக்கிப் பாடுவார். குழுவில் இருந்தவர் எல்லோரும் உயிரோடு இல்லை. றோலிங் ஸ்ரோன்ஸ் குழு 1962இல் தொடங்கியது. அதில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ட்ரம்ஸ் வாசித்த சார்லி வட்ஸ் 2021இல் காலமானார். ஈகிள்ஸ் குழுவின் கிளென் பிறே 2016இல் மறைந்தார். மறு ஆண்டு அவருடைய மகனே அந்த இடத்தில் நின்று பாடினார். அப்படியானால் மக்கள் எதற்குக் காசு கொடுக்கிறார்கள்?

ஷே அரங்கை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். இரசிகர்களின் கூச்சலில் அன்று பாட்டே கேட்கவில்லை. பாடியவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லையாம். அடுத்த ஆண்டுடன் பீற்றில்ஸ் குழுவினர் சுற்றுலாக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டனர். ஒலி, திரை, மேடை வசதி எல்லாம் இன்றுதான் பன்மடங்கு சிறந்தவை. ஆகவே அன்று மலிவு, இன்று கொள்ளை என்று மட்டும் சொல்வது முழு உண்மையல்ல.

சமூகவியலாளர் எமில் டேர்க்கைம் 1912இல் வெளியான தமது நூலில், மனிதர் பலர் ஓரிடத்தில் கூடி ஒரே செயலில் ஈடுபடும்போது, தனித்தனியே ஒருவருக்கும் கிடைக்காத உணர்வெழுச்சி பிறக்கிறது என்றார். கோயில் திருவிழாவில் தேர் அசையும் கணத்தில் நாம் உணர்வதும் இதுதான். தன் பதினெட்டாவது வயதில் கேட்ட பாடலை, அதே வயதைக் கடந்து வந்த ஆயிரக்கணக்கானவர்களோடு நின்று பாடும்போது, இழந்த ஒரு காலம் சற்று நேரம் திரும்பி வருகின்றது. அதற்கு விலை குறிப்பது கடினம்.

ரீனா ரேணரின் கணக்கு

பெண்கள் பக்கம் இருந்து பார்க்க ஒரு வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். றொக் இசையின் அரசி எனப்பட்ட ரீனா ரேணர் 1939இல் பிறந்த கறுப்பினப் பெண். கணவனோடு சேர்ந்தே பாடிப் புகழடைந்தார். அந்த வீட்டில் அவர் பட்டது அடியும் உதையும். 1976இல் ஓர் இரவு, கையில் 36 சதத்துடன் அவர் வெளியேறினார். 1978இல் முடிந்த விவாகரத்தில் சொத்துகளை விட்டுக்கொடுத்து, தன் மேடைப் பெயரை மட்டும் கேட்டுப் பெற்றார். நாற்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு இனி இடமில்லை என்றே இசைத்துறை நினைத்தது. 1984இல் வெளியான இசைத்தட்டு அவரை மீண்டும் உச்சிக்குக் கொண்டு சென்றது. 2000ஆம் ஆண்டில், 60 வயதில், அவர் நடத்திய சுற்றுலாவே அந்த ஆண்டு வட அமெரிக்காவில் மிகக் கூடிய வருமானம் பெற்றது. 2009இல் இறுதிக் கச்சேரியைப் பாடி ஓய்வெடுத்தார். 2023இல் காலமானார்.

"வயதான பெண் மேடையில் ஆடுவதா, அதற்குக் காசு வேறா?" என்று கேட்பவர்களுக்கு இவர் வாழ்வே பதில். முதுமையின் உழைப்புக்கும் கூலி உண்டு. இரண்டு மணித்தியாலக் கச்சேரிக்குப் பின்னால் நாற்பது, ஐம்பது ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. நாற்பது ஆண்டு நெசவு நெய்த அம்மாவின் சேலைக்கு விலை பேசும்போதும் நாம் இதை நினைக்க வேண்டும்.

ஒரு சீட்டு செய்த உதவி

1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் யுத்தம் மூண்டு, இலட்சக்கணக்கானோர் அகதிகளாக இந்தியாவுக்கு ஓடினர். சிதார்க் கலைஞர் ரவி சங்கர் மனம் பொறுக்காமல் தன் நண்பர் ஜோர்ஜ் ஹரிசனிடம் சொன்னார். ஓகஸ்ற் முதலாந் திகதி நியூயோர்க்கில் இரண்டு கச்சேரிகள் நடந்தன. சுமார் 40,000 பேர் வந்தனர். கிடைத்த 243,000 டொலருக்கும் மேற்பட்ட பணம் யுனிசெப் ஊடாக அகதிக் குழந்தைகளுக்கென வழங்கப்பட்டது. தி ஹூ குழுவின் பாடகர் றொஜர் டோல்ட்ரியும் 2000ஆம் ஆண்டில் இருந்து இலண்டனில் புற்றுநோயுற்ற இளையோருக்காகக் கச்சேரிகள் நடத்த முன்னின்றார். பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால், அதே விலை பாரமாகத் தோன்றுவதில்லை.

அப்படியானால், பெறுமதியா?

என் பார்வையில், மூன்று விடயங்கள் சரியாக இருந்தால் பெறுமதிதான். விலை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கப்பட வேண்டும். றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் சில சுற்றுலாக்களில் குறைந்த விலைச் சீட்டுகளைக் குலுக்கல் போல விற்றார்கள். எந்த இருக்கை என்பது அன்றைய தினமே தெரியும், முன்வரிசையும் கிடைக்கலாம். இது எண்ணிக்கையில் குறைவு என்றாலும் நல்ல வழி. மூன்றாவது, வாங்குபவர் கடன்படாமல் வாங்க வேண்டும். கடனட்டையில் வாங்கிய மகிழ்ச்சி, தவணை கட்டும் மாதங்களில் கசந்துவிடும். நுண்கடனில் அகப்பட்ட நம் கிராமத்துப் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இவை இல்லாதபோது, கலைஞர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அந்த விலை நியாயமல்ல. ஏனெனில், அவரை அந்த உயரத்துக்குத் தூக்கியவர்கள் ஒரு காலத்தில் ஐந்து டொலர் கொடுத்து வந்த சாதாரண மக்களே.

மகிழ்ச்சிக்காகச் செலவு செய்வது குற்றமா என்ற கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. யுத்தத்தில் துணையையும் பிள்ளைகளையும் இழந்த பெண்களோடு பேசும்போது, "எனக்கு இனி என்ன பாட்டு, என்ன கூத்து" என்ற சொல்லை அடிக்கடி கேட்க நேர்கிறது. சிரித்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் அதற்குள் இருக்கிறது. எண்பது வயதில் மிக் ஜகர் மேடையில் ஓடி ஆடுவதைப் பார்த்து உலகம் கைதட்டுகிறது. நாற்பது வயதில் கணவனை இழந்த ஒரு பெண் கோயில் திருவிழாவில் பாட்டுக் கச்சேரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தால் மட்டும் நாம் ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும்?

நம் ஊர்த் திருவிழாக் கச்சேரிக்குச் சீட்டும் இல்லை, வரிசையும் இல்லை. அடுத்த முறை நாதஸ்வரமோ மெல்லிசையோ கேட்டால், பக்கத்து வீட்டில் தனித்திருக்கும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.